பண்டார வன்னியனும் இணங்கிப்போதலும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் கடைசி மன்னன் எனப் போற்றப்படுபவன் பண்டார வன்னியன். இவனைப் பற்றிய வினாவிற்கு விடையளிக்கும் மாணவர் பலர் அவனது வீரத்தை மட்டும் எழுதி முடித்துவிடுகின்றனர். பணிந்து போவது வழமையாகியிருந்த காலத்தில் அவன் பணியாது நின்றமையையும் சேர்த்து நோக்கினாலே விடை முழுமை பெறும்.

1. வன்னியின் நிலை

பனங்காமம், மேல்பத்து, முள்ளியவளை, கருநாவல்பத்து, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி முதலிய பற்றுக்களை வன்னியர் எனப்பட்ட சிற்றரசர்கள் ஆண்டு வந்தனர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் இவர்கள் யானைகளைத் திறையாகச் செலுத்த வேண்டியிருந்தது. தந்தை செலுத்திய திறையை மகனும் செலுத்தினான். அயற்பற்று செலுத்துவதைக் கண்டு அடுத்த பற்றும் செலுத்தியது. திறை தாமதமாவதும் குறைவதும் உண்டு. ஆயினும் திறை என்ற ஏற்பாடு நிலைத்து நின்றது. 1780களில் ஒல்லாந்த அதிகாரி நாகல் வன்னியை நேரடி நிருவாகத்தின் கீழ்க் கொண்டு வந்தான். 1796 இல் ஒல்லாந்தரின் கரையோரப் பகுதிகள் பிரித்தானியர் வசமாயின.

2. 1803 ஆம் ஆண்டு எழுச்சி

1803 யூன் மாதத்தில் கண்டியிலிருந்த பிரித்தானியப் படை அழிக்கப்பட்டது. பிரித்தானியரை வெல்ல முடியாது என்ற எண்ணம் இதனால் ஆட்டங்கண்டது. கண்டியரின் துணையுடன் எழுந்த பண்டார வன்னியன், 1803 ஓகத்து 25 இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அங்கிருந்த படையினர் வள்ளங்களில் யாழ்ப்பாணம் சென்றனர். அவனது படை ஆனையிறவு வரை முன்னேறியது.

யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் பிரித்தானியர் படை அனுப்பினர். 1803 ஒக்டோபர் 31 இல் ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை அவனைத் திடீரெனத் தாக்கித் தோற்கடித்தது.

3. உளவியல் நோக்கு

தான் சரியெனக் கருதுவதைக் கைவிட்டுப் பெரும்பான்மையினரின் வழியிற் செல்லுதல் இணங்கிப்போதல் எனப்படும். இதற்கு இரு காரணங்கள் கூறப்படும்.

(அ) பலர் செய்வதால் அது சரியாகவே இருக்கும் என நம்புதல்.
(ஆ) தனித்து நின்றால் ஒதுக்கப்படுவோம் என அஞ்சுதல்.

1951 இல் அமெரிக்க உளவியலாளர் சொலமன் ஆஷ் ஒரு பரிசோதனையின் முடிவுகளை வெளியிட்டார். கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய வேலை அது. முன்னரே சொல்லி வைக்கப்பட்ட குழுவினர் வேண்டுமென்றே பிழையான விடையைக் கூறினர். உண்மையிற் பரிசோதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தடவைகளில் அப்பிழையான விடையையே தாமும் கூறினர். ஆனால் குழுவில் ஒரேயொருவர் சரியான விடையைக் கூறியபோது இவ்வாறு இணங்குவது மிகவும் குறைந்தது. ஒருவரின் மறுப்பு ஏனையோருக்கும் துணிவைத் தருகின்றது. கண்டியின் நிகழ்வும் வன்னியின் எழுச்சியும் அடுத்தடுத்து நிகழ்ந்தமையை விளங்கிக்கொள்ள இது உதவும்.

4. மரபும் சான்றும்

காக்கை வன்னியன் என்பவன் பண்டார வன்னியனைக் காட்டிக்கொடுத்தான் என்பது மக்களிடையே நிலவும் மரபுக்கதை. நாடகங்களும் நாவல்களும் அதனை மேலும் பரப்பின. அவ்வாறே ஒக்டோபர் 31 அவன் இறந்த நாள் எனப் பலர் கருதுகின்றனர். கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட நினைவுக்கல்லோ அந்நாளில் அவன் தோற்கடிக்கப்பட்டான் என்று மட்டுமே கூறுகின்றது. பலரும் சொல்வதனால் ஒரு செய்தி சான்றாகிவிடாது. மரபை மரபு என்றும் சான்றைச் சான்று என்றும் பிரித்து எழுதும் மாணவனும் ஒருவகையில் இணங்கிப்போகாதவனே.

எனினும் எதிர்ப்பது மட்டுமே சிறப்பன்று. வீதி ஒழுங்கிற்கும் பாடசாலை விதிக்கும் இணங்குவது பொதுநலம். எதற்கு இணங்குவது, எதனை மறுப்பது என்பதைத் தானே சிந்தித்துத் தீர்மானிப்பதே முதிர்ச்சி. பண்டார வன்னியன் மறுத்தான். அதற்கான விலையையும் கொடுத்தான்.

பயிற்சி வினாக்கள்

1. முல்லைத்தீவுக் கோட்டை கைப்பற்றப்பட்ட திகதி யாது?
2. இணங்கிப்போதலுக்கான இரு காரணங்களைத் தருக.
3. பண்டார வன்னியன் பற்றிய மரபுச் செய்தி ஒன்றையும் சான்றுள்ள செய்தி ஒன்றையும் வேறுபடுத்திக் காட்டுக.