சொல்லின் வேரைத் தேடிய பண்டிதர்

1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்த காத்தவராயன், தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியர் அயோத்திதாசரின் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். தம் பெயரைத் தாமே மாற்றிக்கொண்ட அப்பெருமகனார், தம் மக்கள்மீது பிறர் சுமத்திய பெயரை அகற்றுவதற்கே பின்னாளில் பெரிதும் உழைத்தார்.

ஏடு போற்றிய குடும்பம் அவருடையது. பாட்டனார் கந்தப்பர் காத்துவைத்த திருக்குறள் ஓலைச்சுவடி எல்லிஸ் துரையின் கைக்குச் சென்ற வரலாற்றை நம் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும். நமக்கும் எழுத்துக்கும் தொடர்பில்லை என்போர்க்கு அதுவே விடை. பண்டிதர் சித்த மருத்துவராகத் தொழில் புரிந்தார். 1891இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார்.

1907 ஜூன் 19இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டே அது 'தமிழன்' எனப் பெயர் பெற்றது. அவ்விதழில் சொல்லாராய்ச்சியே அவர்தம் படைக்கலன். ஐம்பொறிகளை வென்ற புத்தரே இந்திரர். அவர் பெயரால் அமைந்ததே இந்திர தேசம் என்றார். பிறப்பால் உயர்வு கோருவோரை 'வேஷப் பிராமணர்' என்றும், ஒழுக்கத்தால் உயர்ந்தோரை 'யதார்த்தப் பிராமணர்' என்றும் பிரித்துப் பெயரிட்டார். பறை என்னும் இசைக்கருவியிலிருந்தே பறையர் என்னும் பெயர் வந்ததென்று கால்டுவெல் முதலியோர் எழுதியிருக்க, பண்டிதரோ 'பறைதல்' என்பதற்குச் சொல்லுதல் எனப் பொருள் உண்மையைச் சுட்டி, வேடதாரிகளின் பொய்யை ஊரறியப் பறைந்த பௌத்தர்க்குப் பகைவர் இட்ட பெயரே அது என வாதிட்டார். ஆங்கிலத்திலும் அச்சொல் ஒதுக்கப்பட்டவன் என்னும் பொருளில் வழங்கிவந்த காலம் அது!

இவ்விளக்கங்கள் அனைத்தையும் மொழிநூலார் ஏற்பர் எனக் கூறுதற்கில்லை. ஆயினும், அகராதி எழுதும் உரிமை எவர்க்கு உண்டு என்று அவர் எழுப்பிய வினாவை எவரும் தள்ளிவிட இயலாது.

அவருடைய மைத்துனரான இரட்டைமலை சீனிவாசனார் வேறு வழி கண்டார். இழிவெனப்பட்ட பெயரை மறைத்தல் வேண்டா, அதனைத் தலைநிமிர்ந்து உரைப்போம் எனத் துணிந்து, 1893இல் 'பறையன்' என்றே ஓர் இதழ் தொடங்கினார். பண்டிதர் அதற்கு உடன்படவில்லை. ஒரே குடும்பத்தில் ஒரு சொல்லைப் பற்றி இருவேறு கொள்கைகள்! இரண்டிலும் மானவுணர்ச்சியே மேலோங்கி நின்றது என்பது எம் துணிபு.

குடிக்கணக்கெடுப்பில் இழிபெயரை விடுத்துச் 'சாதிபேதமற்ற திராவிடர்' எனப் பதிந்துகொள்ளுமாறு பண்டிதர் வலியுறுத்தி வந்தார். 1914 மே 5இல் அவர் மறைந்தார். எட்டாண்டுகள் கழித்து, 1922இல், எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' என்னும் பெயர் இடம்பெற்றது.