கோசுப் புழுவும் ஃபாபரும்

கோசு வாங்கும்போது இலையில் ஓட்டை இருக்கிறதா என்று பெண்கள் பார்ப்பார்கள். அந்த ஓட்டையைப் போடும் புழுவை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ழான் ஹென்றி ஃபாபர்.

பிரான்சு நாட்டில் ஏழைக் குடும்பத்தில் 1823-ல் பிறந்தார். சிறு வயதில் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றார். உபகாரச் சம்பளம் பெற்றுப் படித்து ஆசிரியர் ஆனார். சம்பளமோ குறைவு, குடும்பமோ பெரிது.

அவர் வேலை பார்த்த அவிஞோன் பக்கத்தில் மஞ்சிட்டி இனத்துச் செடியைப் பயிரிட்டார்கள். அதன் வேரில் சிவப்புச் சாயம் உண்டு. அதைச் சுத்தமாகப் பிரிக்க ஃபாபர் பல ஆண்டு பாடுபட்டு வழி கண்டார். நாலு காசு சேரும் வேளையில் இடி விழுந்தது. அதே சாயத்தை நிலக்கரித் தாரிலிருந்து செய்யும் வித்தையை 1868-ல் ஜெர்மானியர் கண்டுபிடித்துவிட்டார்கள்!

மாலை வகுப்பில், பூவில் மகரந்தம் சேரும் விதத்தைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். அது தகாது என்று சிலர் கொதித்தார்கள். வேலையை விட நேர்ந்தது. குடியிருந்த வீடும் போயிற்று. ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டுவர்ட் மில் 3,000 பிராங்கு கொடுத்து உதவினார். புத்தகம் எழுதிச் சம்பாதித்து, அந்தக் கடனை ஃபாபர் அடைத்தார்.

1879-ல் செரிஞான் என்ற ஊரில், கல்லும் முள்ளுமான ஒரு நிலத்தில் குடியேறினார்.

பட்டினி கிடந்த புழு

கோசுப் புழுவுக்கு அவர் பலவகைத் தழைகளைப் போட்டுப் பார்த்தார். கடுகு, முள்ளங்கி இலைகளைத் தின்றது. பட்டாணி இலையைத் தொடவில்லை, பட்டினி கிடந்தது! கோசு, கடுகு, முள்ளங்கி மூன்றும் ஒரே குடும்பம். இது புழுவுக்கு எப்படித் தெரிந்தது? ஃபாபர் வியந்தார்.

விடை 1910-ல் வந்தது. அப்போது அவருக்கு வயது 86. கடுகின் காரத்துக்கு மூலமான பொருளை, புழு தொடாத இலைகளில் தடவிப் பார்த்தார், ஆம்ஸ்டர்டாம் அறிஞர் வெர்ஷாஃபெல்ட். புழு தின்றது!

இலையைக் கடித்தால் காரம் பிறக்கும். பல பூச்சிகளுக்கு அது நஞ்சு. இந்தப் புழுவின் வயிறோ நஞ்சை முறித்துவிடும். மற்றவற்றை விரட்டும் காரம் இதற்கு விருந்து!

செடியும் சும்மா இருப்பதில்லை. இந்தப் புழுவின் எச்சில் பட்டதும் ஒரு மணத்தை வீசும். அதை மோப்பம் பிடித்துச் சிறு குளவி வந்து, புழுவின் உடலுக்குள் முட்டையிடும். எச்சிலின் இந்த வேலை தெரிந்தது 1995-ல்தான். ஆனால் கோசுப் புழுவைத் துளைத்து வெளியே வரும் குளவிப் புழுக்களையும், அவை கட்டும் மஞ்சள் கூடுகளையும் ஃபாபர் கண்ணால் பார்த்து எழுதிவிட்டார். பூச்சிகளைப் பற்றிப் பத்துப் பாகம் எழுதி முடித்த அவர், 1915-ல் தமது 91-வது வயதில் செரிஞானிலேயே காலமானார்.