சீட்டாடிய சபை அங்கத்தினர்

அலிப்பூர் தேசிய நூலகத்துக்குப் போய்வரும் நண்பர்கள், அருகே ‘டூயல் அவென்யூ’ என்றொரு தெரு இருப்பதைக் கவனித்திருக்கலாம். விஞ்ஞானம் படிக்கும் எனக்குச் சரித்திரத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அந்தத் தெருப்பெயரே என்னைப் பிலிப் பிரான்சிஸிடம் இழுத்துச் சென்றது.

1740இல் டப்ளினில் பிறந்த பிரான்சிஸ், லண்டனில் யுத்த இலாகா குமாஸ்தாவாக இருந்தவர். 1774 அக்டோபரில், கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸின் சபை அங்கத்தினராகக் கல்கத்தாவில் வந்திறங்கினார். ஆண்டுச் சம்பளம் 10,000 பவுன்!

அன்றைய வெள்ளையர் கல்கத்தா சிறிய ஊர். பகலெல்லாம் வெயில்; பொழுது சாய்ந்தால் சீட்டு. ‘விஸ்ட்’ ஆட்டத்தில் பிரான்சிஸ் மகா கெட்டிக்காரர். ஒரே இருப்பில் 20,000 பவுன் வென்றார் என்பது கதை. அவரிடம் பெருந்தொகை தோற்றவர்களில் சக அங்கத்தினர் பார்வெல்லும் ஒருவராம்.

சபையில்தான் சீட்டு மாறி விழுந்தது. ஐவரில் பிரான்சிஸ், கிளேவரிங், மான்சன் ஆகிய மூவர் ஒரு கட்சி. ஹேஸ்டிங்ஸும் பார்வெல்லும் எதிர்க்கட்சி. 1776இல் மான்சனும் 1777இல் கிளேவரிங்கும் மாண்டனர். பெரும்பான்மை கைமாறியது. 1780இல் இரு கட்சியாரும் சமாதானம் பேசினர். அதை நம்பிப் பார்வெல் தாயகம் திரும்பினார். பிரான்சிஸ் வாக்குத் தவறினார் என்று ஹேஸ்டிங்ஸ் சாடவே, ஆகஸ்டு 17 விடியற்காலையில் இருவரும் அலிப்பூரில் கைத்துப்பாக்கியுடன் எதிரெதிரே நின்றனர். குண்டு பட்டவர் பிரான்சிஸ். உயிர் பிழைத்து, அவ்வாண்டு இறுதியில் கப்பலேறினார். பின்பு பர்க்குக்குத் துணைநின்று ஹேஸ்டிங்ஸைப் பார்லிமெண்டில் விசாரணைக்கு இழுத்தார். 1788இல் தொடங்கிய விசாரணை 1795இல் ஹேஸ்டிங்ஸின் விடுதலையோடு முடிந்தது. அந்த ஆட்டமும் தோல்வியே. 1818இல் பிரான்சிஸ் காலமானார்.

இவரை வெறும் சூதாடி என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. 1770ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் வங்கம் பாழடைந்திருந்தது. நிலவரியை ஒரேயடியாக நிர்ணயித்துவிட்டால் விவசாயம் தழைக்கும் என்று 1776இல் திட்டம் எழுதியவர் அவர். அக்கருத்தே 1793இல் காரன்வாலிஸ் காலத்தில் சட்டமாயிற்று. 1802இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1803இல் நம் இராமநாதபுரமும் சிவகங்கையும் அதற்குள் அடங்கின. சர்க்காருக்குச் சேரவேண்டிய தொகைதான் நிலைத்தது. குடியானவன் ஜமீன்தாருக்குக் கொடுக்கும் குத்தகை நிலைக்கவில்லை. அந்த ஜமீன்களை ஒழிக்க 1948இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

விஸ்ட் மேஜையில் தோற்றவர்கள் தம் பணத்தைத்தான் தோற்றார்கள். சபை மேஜையில் பந்தயமாக வைக்கப்பட்டது வங்கத்து உழவனின் விளைச்சல். பிறகு நம் மறவர் சீமை உழவனின் விளைச்சலும்கூட. அவர்களை யாரும் ஆட்டத்துக்கு அழைக்கவில்லை.