கணித மேதை வொன் நொய்மனும் நினைவகமும்

ஒரு கல்லூரியின் பெருமையை அதன் கட்டடங்களைக் கொண்டு அளப்பார் உளர். பரீட்சைப் பெறுபேறுகளைக் கொண்டு அளப்பாரும் உளர். தம்மினும் மேம்பட்ட அறிவுடைய மாணவனைக் கண்டவிடத்து மகிழ்ந்து, அவன் உயர்தற்கு வழிசெய்த ஆசிரியர்களைக் கொண்டு அளத்தலே சாலச் சிறந்தது என்பது நமது கருத்து. அத்தகைய ஆசிரியர் ஒருவரின் மாணவராய் விளங்கி, இன்று நாம் யாவரும் கையாளும் கணினிக்கு அடிப்படை அமைப்பினை வகுத்துத் தந்த பேரறிஞர் ஜோன் வொன் நொய்மனின் வரலாற்றை இவ்விழா மலரிலே சுருங்கக் கூற விழைகின்றோம். அவர் எதிர்கொண்ட இடர் ஒன்று இன்றைய செயற்கை நுண்ணறிவு இயந்திரங்களின் உள்ளும் தீராது நிற்றலே இவ்வரலாற்றை நாம் தெரிந்தெடுத்ததற்கு ஏதுவாகும்.

நொய்மன் 1903ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆந் திகதி ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் நகரில், செல்வம் மிக்க யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் வங்கித் தொழிலிற் சிறந்தவர். அந்நகரின் லூதரன் உயர்நிலைப் பள்ளியிலே கணிதம் கற்பித்த லாஸ்லோ ராட்ஸ் என்னும் ஆசிரியர், இச்சிறுவனின் ஆற்றல் தம் வகுப்பறைக்குள் அடங்குவதன்று என விரைவிலேயே உணர்ந்தார். அவர் தந்தையாரைக் கண்டு பேசி, பல்கலைக்கழக அறிஞர்கள் சிறுவனுக்குத் தனியே உயர்கணிதம் கற்பிக்க ஒழுங்கு செய்தார். அதே பள்ளியில் ஒரு வகுப்பு முன்னே பயின்று, 1963இல் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு பெற்ற இயூஜின் விக்னர், அவ்வாசிரியரின் படத்தைத் தம் அலுவலறையிலே மாட்டி வைத்திருந்தார் என்றால், அவர் பெருமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

தந்தையாரின் விருப்பப்படி சூரிச் நகரில் இரசாயனப் பொறியியல் பயின்ற நொய்மன், தம் விருப்பப்படி புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்திற் கணிதமும் பயின்று, 1926இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார். 1930இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகருக்குச் சென்றவர், 1933இல் அங்கு உயராய்வு நிறுவனத்தின் முதற் பேராசிரியர்களுள் ஒருவரானார். ஒருமுறை வாசித்த நூலைப் பல்லாண்டு கழிந்த பின்னும் சொல் பிறழாது ஒப்புவிக்க வல்லவர் என அவருடன் பணிபுரிந்தோர் எழுதி வைத்துள்ளனர்.

இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டு ஆக்கும் பணியிலும் அவர் ஈடுபட்டார். அவர் அறிவு அழிவுக்கும் துணைநின்றது என்பதை மறைத்தல் வரலாறாகாது. 1944ஆம் ஆண்டுக் கோடையில், அபர்டீன் புகையிரத நிலையத்திலே கோல்ட்ஸ்டைன் என்னும் இளம் படையதிகாரியைத் தற்செயலாகச் சந்தித்தபோதே, எனியாக் என்னும் இலத்திரனியற் கணினி ஆக்கப்பட்டு வருவதை அறிந்தார். ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட அவ்வியந்திரம், செக்கனுக்கு 5,000 கூட்டல்களைச் செய்ய வல்லது. ஆயினும், பத்திலக்க எண்கள் இருபதை மட்டுமே அதன் கூட்டற் பகுதிகள் நினைவில் வைத்திருக்கும். கை விரைந்து இயங்கிற்று. நினைவோ ஒடுங்கி நின்றது.

1945இல் நொய்மன் எழுதிய அறிக்கையொன்று, கட்டளைகளையும் எண்களையும் ஒரே நினைவகத்தில் வைத்து, வேண்டும்போது எடுத்துக் கணிக்கும் முறையினை விளக்கிற்று. மூளையின் நரம்பணுக்களைப் பற்றி மக்கலக், பிட்ஸ் என்போர் 1943இல் வெளியிட்ட கோட்பாட்டினைத் தழுவியே கணினியின் உறுப்புக்களை அவர் வருணித்தார். அவ்வறிக்கை அவர் பெயரை மட்டும் தாங்கிப் பரவியமையால், எனியாக்கை ஆக்கிய எக்கேர்ட், மோச்லி ஆகியோர் தமக்குரிய பங்கு மறைக்கப்பட்டதாக மனம் நொந்தனர். பலர் சேர்ந்து சிந்தித்த ஒன்று ஒருவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது. புகழ் கூறுமிடத்து இதனையும் கூறுதல் முறையாகும்.

1946இல் பேர்க்ஸ், கோல்ட்ஸ்டைன் ஆகியோருடன் அவர் எழுதிய மற்றோர் அறிக்கை நமது பொருளுக்கு இன்றியமையாதது. அளவிறந்ததும் நொடியில் எட்டக்கூடியதுமான நினைவகம் கிடைத்தற்கரிதாதலின், படிப்படியான நினைவகங்களை அமைத்தல் வேண்டும் என அவ்வறிக்கை வற்புறுத்திற்று. மாணவன் ஒருவன் உடன் வேண்டும் நூலை மேசைமேலும், அடுத்து வேண்டுவனவற்றை அலுமாரியிலும் வைத்து, ஏனையவற்றுக்குக் கல்லூரி நூல்நிலையத்தை நாடுதல் போன்றது இம்முறை. மேசை சிறிது, எனினும் அண்மையது. நூல்நிலையம் பெரிது, எனினும் சேய்மையது. 1952இல் பிரின்ஸ்டனில் இயங்கத் தொடங்கிய அவரது கணினி, கதோட்டுக் கதிர்க் குழாய்கள் நாற்பதிலே, 40 பிட் கொண்ட சொற்கள் 1,024ஐ மாத்திரமே வைத்திருந்தது. இன்றைய கணக்கில் அது வெறும் ஐந்து கிலோபைட்டு!

இவ்வமைப்பில், நினைவகத்துக்கும் கணிக்கும் பகுதிக்கும் இடையே ஒடுங்கிய பாதையொன்றே உண்டு. கணிக்கும் பகுதி எத்துணை விரைவாயினும், எண் வந்து சேருமளவும் காத்திருத்தல் வேண்டும். 1977இல் ஜோன் பாக்கஸ் என்னும் அறிஞர் இவ்விடரினைப் போத்தலின் ஒடுங்கிய கழுத்துக்கு ஒப்பிட்டு, நொய்மனின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

நொய்மன் அதனைக் கேட்க அப்போது உயிருடன் இல்லை. 1955இல் புற்றுநோய் அவரைப் பற்றிற்று. மூளையையும் கணினியையும் ஒப்பிட்டு யேல் பல்கலைக்கழகத்திலே நிகழ்த்தவிருந்த சொற்பொழிவுகளை மருத்துவமனைப் படுக்கையிலும் எழுதினார், முடித்தாரல்லர். உலகம் வியந்த அந்நினைவாற்றல் இறுதி நாட்களிற் குன்ற, எளிய கூட்டல்களிலும் அவர் இடர்ப்பட்டார் என அவர் மகளார் எழுதியுள்ளார். 1957ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆந் திகதி, ஐம்பத்து மூன்றாம் வயதில் அவர் காலமானார்.

முற்றுப்பெறாத அந்நூல் 1958இல் வெளிவந்தது. மூளையின் உறுப்புக்கள் கணினியின் உறுப்புக்களினும் மிக மெதுவானவை; எண்ணற்றவை ஒரே வேளையில் இயங்குதலாலேயே அது வல்லமை பெறுகின்றது; குறைந்த நுட்பமுடைய அளவுகளைக் கொண்டே அது அரிய செயல்களைப் புரிகின்றது என்பன அந்நூல் காட்டும் உண்மைகள்.

இவை இன்று பொறியியலில் வடிவெடுத்துள்ளன. மூளையைப் பின்பற்றிய செயற்கை நரம்பு வலைகள், கோடிக்கணக்கான நிறைகள் எனப்படும் எண்களைத் தொடர்ந்து பெருக்கிக் கூட்டுவன. ஓர் எண்ணைப் புறநினைவகத்திலிருந்து கொணர்தற்கு ஆகும் சக்தி, அதனைப் பெருக்குதற்கு ஆகும் சக்தியினும் நூறு மடங்குக்கு மேற்பட்டதாகலாம் என்பதை ஸ்டான்போர்ட் பேராசிரியர் மார்க் ஹொரோவிட்ஸ் 2014இல் எடுத்துக்காட்டிய அளவுகள் புலப்படுத்தின. கணித்தல் மலிவு, சுமத்தலே செலவு. ஆதலின் கூகிள் நிறுவனம் 2015 முதல் பயன்படுத்திய சில்லொன்றிலே, 256 வரிசையும் 256 நிரலுமாக 65,536 பெருக்கிகள் அடுக்கப்பட்டன. நிறைகள் தத்தம் இடத்திலே தங்கியிருக்க, உள்வரும் எண்கள், கூரை வேய்வோர் ஓடுகளைக் கைக்குக் கை மாற்றுதல்போல, ஒரு பெருக்கியிலிருந்து அடுத்ததற்குச் செல்கின்றன. இவ்வாறு, தொலைவிலிருந்து ஒருமுறை கொணரப்பட்ட எண் பன்முறை பயன் தருகின்றது. எண்கள் எட்டு பிட்டளவிற் சுருக்கப்பட்டமையால் சுமையும் குறைந்தது. 28 மெகாபைட் நினைவகம் சில்லினுள்ளேயே வைக்கப்பட்டது. பாதையின் ஒடுக்கம் இவற்றால் முற்றும் நீங்கிற்றில்லை. ஆயினும் பெரிதும் தணிந்தது.

மாணவ நண்பர்களே, வேண்டியதை அண்மையில் வைத்தல், கொணர்ந்ததைப் பன்முறை பயன்படுத்தல், வேண்டாத சுமையைத் தவிர்த்தல் ஆகிய இம்மூன்றும் இயந்திரத்துக்கு மட்டுமன்றிக் கற்பார்க்கும் உரியன. ராட்ஸ் என்னும் ஆசிரியர் பல்கலைக்கழக அறிவைச் சிறுவன் ஒருவனின் அண்மைக்குக் கொணர்ந்தார். அதன் பயனை உலகு இன்றும் துய்க்கின்றது. நமக்கும் அவ்வாறு அறிவினை அண்மையிற் கொணர்ந்து தந்த ஆசிரியப் பெருமக்களை இவ்விழா நாளில் நன்றியுடன் நினைவு கூர்வோமாக.