விண்ணப்பம் யாசகம் அன்று: உதவித்தொகையும் அண்ணல் அம்பேத்கரும்

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை நினைவுகூரும் மேடைகளில் மகாடு குளமும், பூனா ஒப்பந்தமும், அரசமைப்புச் சட்டமும், நாகபுரி தீட்சையும் தவறாமல் இடம்பெறுகின்றன. கல்விச் செலவுக்காகப் பிறரிடம் விண்ணப்பித்து நின்ற மாணவராக அவர் கழித்த ஆண்டுகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பள்ளியிறுதித் தேர்வில் தேறிய 1907 முதல் இலண்டனிலிருந்து திரும்பிய 1923 வரை, பதினாறு ஆண்டுகள் அவர் பட்ட பாட்டுக்கும், இன்று இந்தியா முழுவதும் பட்டியல் சமூக மாணவர்கள் பெறும் உயர்கல்வி உதவித்தொகைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒரு மன்னரின் கருணையாகத் தமக்குக் கிடைத்ததை, அடுத்த தலைமுறைக்கு அரசின் கடமையாக மாற்றிவிட்டுச் சென்றவர் அவர். அந்த மாற்றத்தை அறியாத மாணவர், உதவித்தொகைப் படிவத்தை நிரப்பும்போது தம் உரிமையைப் பிச்சையாக எண்ணிக் கூசி நிற்கிறார்.

இதை வேளாங்கண்ணியை முன்வைத்துப் பேசக் காரணம் இருக்கிறது. பேராலயத்துக்கு வரும் இலட்சக்கணக்கான யாத்திரிகர்களின் கண்ணில் படாத இன்னொரு வேளாங்கண்ணி உண்டு. அவ்வூரைச் சுற்றியுள்ள கீழ்வேளூர் வட்டத்துச் சேரிகளில் இன்றும் வயல் கூலியை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். கல்லூரிகள் கட்டணம் கேட்பது ஆனி, ஆடி மாதங்களில். சம்பா அறுவடைக் கூலி கைக்கு வருவதோ தை மாதத்தில். இடைப்பட்ட காலத்தை மகளிர் குழுக் கடனும் அடகுக் கடையும்தாம் நிரப்புகின்றன. இதே தஞ்சை மண்ணில், மிராசுதாரிடம் கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ வாங்கிய சிறு கடன் ஒரு குடும்பத்தையே பண்ணையாளாகக் கட்டிப்போட்ட காலம் நம் தாத்தா பாட்டியரின் நினைவில் இருந்தது. கூலியை உரிமையாகக் கேட்டதற்காகத்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். கருணைக்கும் உரிமைக்கும் இடையிலுள்ள தொலைவை இம்மண் உயிர் கொடுத்து அறிந்திருக்கிறது. கல்வியில் அத்தொலைவை அண்ணல் எவ்வாறு கடந்தார் என்பதை இங்குள்ள மாணவர்கள் அறிந்தாக வேண்டும்.

1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவின் மகூ படைமுகாமில் பிறந்தவர் பீமராவ். தந்தை இராம்ஜி சக்பால் ஆங்கிலேயப் படையில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர். சதாரா பள்ளியில் வீட்டிலிருந்து கொண்டுசென்ற கோணிச் சாக்கின்மீது தனியே அமர்ந்து படித்த சிறுவன், பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் 1907-இல் மெட்ரிகுலேசன் தேறினான். ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்திய தந்தை, மகன் கேட்ட புத்தகங்களை வாங்க, மணமான மகள்களிடம் கடன் கேட்டார். அவர்களது நகைகளை அடகு வைத்தார். டெல்டாவின் எந்தச் சேரிக் குடும்பத்துக்கும் இது புதிய செய்தி அன்று.

இண்டர்மீடியட் முடித்த நிலையில் பணம் அடியோடு தீர்ந்தது. அப்போது கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற ஆசிரியர், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் அம்பேத்கரை அழைத்துச் சென்றார். மன்னர் கேட்ட கேள்விகளுக்கு இளைஞர் சொன்ன விடைகள் நிறைவளித்தன. மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1912-இல் பி.ஏ. பட்டமும் வந்தது.

இந்த நிகழ்வில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அறிவும் உழைப்பும் மட்டும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. அழைத்துச் செல்ல ஒரு கேளுஸ்கர் இருந்தார். திறக்க மனம்கொண்ட ஒரு மன்னர் இருந்தார். இவ்விருவரும் வாய்க்காத எத்தனை பேர் அதே பம்பாயில், அதே ஆண்டில், ஆலைக்கூலிகளாகிப் போயிருப்பார்கள்! கருணையின் குறை இதுதான்: அதன் கண்ணில் படுபவருக்கே அது கிடைக்கும்.

1913 பிப்ரவரியில் தந்தை மறைந்தார். அமெரிக்காவுக்குச் சில மாணவர்களை அனுப்பப் பரோடா அரசு முடிவு செய்தபோது அம்பேத்கர் மீண்டும் மன்னரை அணுகினார். மூன்று ஆண்டுகளுக்கு, மாதம் பதினொன்றரை பவுன் உதவித்தொகை என்று முடிவாயிற்று. 1913 ஜூன் 4 அன்று அவர் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். படித்து முடித்தபின் பத்து ஆண்டுகள் பரோடா அரசுக்குப் பணிபுரிய வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அந்த ஜூலையில் நியூயார்க் சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வாழ்வில் முதன்முறையாகச் சாதி குறுக்கிடாத வகுப்பறையில் அமர்ந்தார். 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார், 1916-இல் சாதியின் தோற்றம் குறித்த தம் புகழ்பெற்ற கட்டுரையை வாசித்தார். உதவித்தொகையில் ஒரு பகுதியை மிச்சம்பிடித்து, பம்பாயில் வறுமையில் வாடிய இராமாபாய்க்கு அனுப்பிவந்தார்.

1916-இல் இலண்டன் சென்று, பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்ட நிறுவனத்திலும் சேர்ந்தார். ஓராண்டுக்குள் உதவித்தொகை நின்றது. பரோடா அரசு அவரைத் திரும்ப அழைத்தது. நான்கு ஆண்டுகளுக்குள் வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியை மட்டும் பல்கலைக்கழகத்திடம் பெற்றுக்கொண்டு, 1917 ஆகஸ்டில் ஊர் திரும்பினார். அவருடைய உடைமைகளை ஏற்றிவந்த கப்பலை உலகப்போரின் நீர்மூழ்கிக் குண்டு தகர்த்தது. மூழ்கிய பெட்டிகளுக்குக் கிடைத்த இழப்பீட்டைக் கொண்டுதான் அவர் பரோடாவுக்கே பயணம் செய்தார்.

ஒப்பந்தப்படி வேலைக்குச் சேர்ந்த கொலம்பியா பட்டதாரிக்கு அந்நகரில் தங்க அறை கிடைக்கவில்லை. அலுவலகச் சிப்பந்திகள் கோப்புகளைத் தொலைவிலிருந்து அவர் மேசைமீது வீசினர். பார்சிகளின் விடுதி ஒன்றில் தம்மைப் பார்சி என்று சொல்லித் தங்கினார். செய்தி வெளியாகி, தடிகளுடன் வந்த கூட்டம் அவரை வெளியேறச் செய்தது. நகரில் தங்க இடம் தேடி அலைந்து, ஒரு மரத்தடியில் அமர்ந்து கண்ணீர்விட்டார். 1917 நவம்பரில் பம்பாய் திரும்பினார். படிக்க வைத்த மன்னரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் அந்த நல்லெண்ணத்தால், தம் தலைநகரிலேயே அவருக்கு ஓர் அறையைப் பெற்றுத்தர முடியவில்லை.

எஞ்சியிருந்தது இலண்டன் படிப்பும், நான்கு ஆண்டுக் கெடுவும். 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். சம்பளத்தில் சிக்கனமாகச் சேமித்தார். கோலாப்பூர் சாகு மகாராஜா ஓரளவு உதவினார். பார்சி நண்பர் நாவல் பத்தேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். பகல் முழுவதும் நூலகத்தில், அரை வயிற்றோடு. 1921-இல் எம்.எஸ்சி., 1923-இல் டி.எஸ்சி., இடையே பாரிஸ்டர் தகுதி. அந்த ஆய்வேடே ரூபாயின் சிக்கலைப் பற்றியது. உலகின் நாணயக் கொள்கையை ஆராய்ந்தவர், மாதச் செலவுக்கு நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

நாடு திரும்பியதும் அவர் தொடங்கிய பணிகளில் நம் கவனத்துக்குரியது விடுதி. 1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். அடுத்த ஆண்டே சோலாப்பூரில் ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கு அச்சபை விடுதி திறந்தது. கட்டணம் மட்டும் மாணவரைத் தடுப்பதில்லை, தங்குமிடமும் சோறும் தடுக்கின்றன என்பதைப் பரோடாவும் இலண்டனும் அவருக்குக் கற்பித்திருந்தன.

1942 ஜூலையில் அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். பதவியேற்ற சில மாதங்களிலேயே, அக்டோபர் 29 அன்று, வைசிராய் லின்லித்கோவிடம் பட்டியல் சாதியினரின் குறைகளை விளக்கும் விரிவான மனுவை அளித்தார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் அரசு ஆண்டுதோறும் மூன்று இலட்சம் ரூபாய் மானியம் வழங்குவதைச் சுட்டிக்காட்டினார். அதே அளவு தொகையைப் பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு ஒதுக்கக் கோரினார். இரண்டு இலட்சம் இந்தியாவில் அறிவியலும் தொழில்நுட்பமும் பயில. ஒரு இலட்சம் வெளிநாட்டில் அவற்றைப் பயில. இதிலிருந்து பிறந்ததே 1944-இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம். மெட்ரிகுலேசனுக்குப் பிந்தைய உதவித்தொகை என்று நாம் இன்று அழைப்பதன் வேர் அதுவே.

இந்த மனுவை ஒரு வழக்குரைஞரின் கண்கொண்டு படிக்கும்போது அதன் வலிமை விளங்குகிறது. பட்டியல் சாதியினரின் வறுமையை வருணித்து இரக்கத்தைத் தூண்டும் நோக்கம் அதில் இல்லை. பிறருக்கு அரசு கொடுப்பதை எமக்கு ஏன் கொடுக்கவில்லை என்ற சமத்துவக் கேள்வியே அதன் அடித்தளம். பரோடாவில் ஒரு மாணவர் மன்னரைச் சந்தித்தார். டெல்லியில் ஒரு சமூகம் அரசின் கருவூலத்தில் தன் பங்கைக் கேட்டது. பின்னர் அரசமைப்புச் சட்டத்தின் 46-ஆம் கூறு, நலிந்த பிரிவினரின், குறிப்பாகப் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின், கல்வி நலனைப் பேணும் பொறுப்பை அரசின்மீது சுமத்தியது. அவரே 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற உரிமை இன்று எந்நிலையில் இருக்கிறது? ஒன்றிய அரசின் திட்டத்தில் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு இரண்டரை இலட்சம் ரூபாய். செலவை ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 விழுக்காடு எனப் பகிர வேண்டுமென 2020 டிசம்பரில் முடிவாயிற்று. தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டின் அரசாணை எண் 92, தனியார் கல்லூரிகளில் பயிலும் பட்டியல் சமூக மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்க வழிசெய்தது. தாளில் இவை வலுவானவை. ஆனால் பணம் தாமதமாகும்போது கல்லூரி மாணவரை நெருக்குகிறது; தேர்வுச் சீட்டையும் மாற்றுச் சான்றிதழையும் காட்டி அச்சுறுத்துகிறது. கட்டண பாக்கிக்காகச் சான்றிதழைப் பிடித்துவைக்கும் உரிமை கல்வி நிறுவனத்துக்கு இல்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் பலமுறை தெளிவுபடுத்தியுள்ளது. இதை அறியாத பெற்றோர் வட்டிக்கு வாங்கிக் கட்டுகின்றனர். பண்ணையாளின் கடன் வேறொரு வடிவில் திரும்பி வருகிறது.

வேளாங்கண்ணியில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு கட்டியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். அண்ணலைப் பின்பற்றிப் பௌத்தம் தழுவியவர்களே இத்தகுதிக்காக முப்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. தலித் கிறித்தவர்கள் இன்னும் வெளியே நிற்கின்றனர். ஒரே சேரியில், ஒரே வயலில் நாற்று நடும் இரு தாய்மார்களின் பிள்ளைகளில், கோயிலுக்குச் செல்பவருக்கு ஒன்றிய அரசின் உதவித்தொகை உண்டு. தேவாலயத்துக்குச் செல்பவருக்கு இல்லை. தமிழ்நாடு அரசு, கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிட மாணவர்களுக்குத் தன் நிதியிலிருந்து உதவித்தொகை வழங்குவது ஆறுதல். அவர்களுக்கும் பட்டியல் சாதித் தகுதி வேண்டுமெனச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. தீண்டாமை ஞானஸ்நானத்தோடு ஒழிந்துவிடவில்லை என்பதைக் கிராமத்துக் கல்லறைகளின் குறுக்குச் சுவர்கள் சொல்லும்.

ஆகவே கல்லூரியில் சேர்ந்துள்ள இளைய தோழர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இது. சாதிச் சான்றையும் வருமானச் சான்றையும் கல்லூரி திறக்கும் முன்பே விண்ணப்பித்துப் பெறுங்கள். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கைச் சரிபாருங்கள். விண்ணப்பத்தின் படியையும் ஒப்புகையையும் பத்திரப்படுத்துங்கள். பணம் வராவிட்டால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் எழுத்து வடிவில் முறையிடுங்கள்; விடை இல்லையேல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். கேளுஸ்கர் கிடைக்காத மாணவருக்கு, முதலில் கல்லூரிக்குச் சென்ற நாமே கேளுஸ்கராக வேண்டும். ஒவ்வொரு சேரியிலும் படிவம் நிரப்பித் தர ஒரு பட்டதாரி ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கினால் போதும். 1942-இல் அண்ணல் கேட்டு வாங்கிய பங்கு அது. விண்ணப்பிக்காமல் விடும் ஒவ்வொரு படிவமும் அந்தப் பங்கைக் கருவூலத்துக்கே திருப்பி அனுப்புகிறது.