வில்லியம் விதரிங்

வில்லியம் விதரிங் (மார்ச் 17, 1741 – அக்டோபர் 6, 1799) இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவரும் தாவரவியலாளரும் ஆவார். டிஜிட்டாலிஸ் செடியின் மருத்துவப் பயனை முறையாக ஆராய்ந்தவர் என அறியப்படுகிறார். வெலிங்டனில் பிறந்த இவர், 1766 இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் பர்மிங்காமில் பணியாற்றினார்.

டிஜிட்டாலிஸ் ஆய்வு

1775 இல், உடலில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கான நாட்டு மருந்தொன்று இவரது கருத்துக்கு வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் கலந்த அம்மருந்தில் டிஜிட்டாலிசே பயன் தருவது என்று இவர் கண்டார். இச்செடி நச்சுத்தன்மை உடையது. அளவு மிகுந்தால் உயிருக்குக் கேடு விளையும். எனவே இலைகளை முதலில் கசாயமாகவும் பின்னர் உலர்ந்த பொடியாகவும் கொடுத்து, உரிய அளவைப் பத்தாண்டுகள் ஆராய்ந்தார். 1785 இல் வெளியிட்ட நூலில், பயனளிக்காத நிகழ்வுகளையும் மறைக்காமல் பதிவு செய்தார்.

நியூசிலாந்து முதலிய நாடுகளில் இச்செடி களையாகப் பரவியுள்ளது. இதே பேரினத்தின் மற்றொரு செடியிலிருந்து பெறப்படும் டிகொக்சின் இதய நோய்களுக்கு மருந்தாகப் பயன்படுகிறது.