பின்லாந்தின் முதற் குடியரசுத் தலைவர்

ஐரோப்பாவின் வடகோடியில் ஏரிகளும் காடுகளும் செறிந்து விளங்கும் நாடு பின்லாந்து. 1809 ஆம் ஆண்டு முதல் அது உருசியப் பேரரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஆயினும், சுவீடன் நாட்டார் ஆண்ட காலத்துச் சட்டங்களே அங்கு வழங்கி வந்தன. அந்நாட்டில் சுவோமுசல்மி என்னும் ஊரில், 1865 ஆம் ஆண்டில், கிறித்தவச் சமய குருவொருவரின் மைந்தராகப் பிறந்தவர் கார்லோ யூகோ ஸ்டோல்பெரி.

அவர் எல்சிங்கி நகரப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, 1893 இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்ச் செனட் சபையில் அலுவலரானார். அந்நாளில் பேரரசர் பின்லாந்தின் சட்டங்களைப் புறக்கணித்துத் தம் ஆணைகளைப் புகுத்தலானார். 1901 இல் வெளிவந்த கட்டாயப் படைச்சேவை ஆணை அவற்றுள் ஒன்று. நாட்டுப் பேரவையின் இசைவு பெறாத ஆணை சட்டமாகாது என்பது ஸ்டோல்பெரியின் துணிபு. அதனின்று அவர் இம்மியும் பிறழாமையால், பதவியை இழக்க நேர்ந்தது.

1908 இல் அவர் நிருவாகச் சட்டப் பேராசிரியரானார். அதிகாரிகள் குடிமக்களிடம் எவ்வாறு நடத்தல் வேண்டும் என வரையறுப்பது அச்சட்டம். அதிகாரியின் ஆணையால் தீங்குற்ற எளிய உழவனும் முறையிடுதற்கென 1918 இல் உச்ச நிருவாக நீதிமன்றம் அமைந்தபொழுது, அதன் முதல் தலைவர் அவரே.

நிற்க. 1917 இல் விடுதலை பெற்ற பின்லாந்து, மறு ஆண்டே உள்நாட்டுப் போரில் மூழ்கியது. செம்படையினர் தோற்றனர். சிறைப்பட்டோருள் 12,000 பேருக்கு மேல் பசியாலும் நோயாலும் மாண்டனர். வென்றவர்களுள் பலர் மன்னராட்சியை விழைந்தனர். செருமானிய இளவரசர் ஒருவரை அரசராகத் தேர்ந்தும் விட்டனர். செருமனி போரில் தோற்கவே, அம்முயற்சி கைகூடவில்லை. 1919 இல் குடியரசுக்குரிய அரசியலமைப்புச் சட்டம் நிறைவேறியது. அதனை உருவாக்கியோருள் தலைசிறந்தவர் ஸ்டோல்பெரி. நீதிபதிகளும் அலுவலர்களும் சட்டப்படி ஒழுகுகின்றனரா எனக் கண்காணிக்கும் நாடாளுமன்றக் குறைகேள் அலுவலர் பதவியும் அச்சட்டத்தால் தோன்றியதே. சுவீடனுக்கு அடுத்து அதனைக் கண்ட நாடு பின்லாந்து.

அவ்வாண்டு சூலையில் நாடாளுமன்றம் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தது. போரில் வென்ற படைத்தலைவர் மானர்ஹைமுக்கு 50 வாக்குகள் கிடைத்தன, ஸ்டோல்பெரிக்கோ 143. தலைவரானதும் அவர் சிறையிலிருந்த செம்படையினருள் பெருந்தொகையினருக்கு மன்னிப்பு அளித்தார். வென்ற தரப்பினர் சினந்தனர். அச்சினத்திற்கு அஞ்சாமை அவர்தம் செயல்களுள் மிக அரியது எனல் வேண்டும். 1925 இல், மீண்டும் போட்டியிட விரும்பாது, தாமே விலகினார்.

பகை ஓயவில்லை. 1930 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் நாள் காலை, மனைவியார் எஸ்தருடன் உலாவச் சென்ற அவரை, லாப்புவா இயக்கத்தைச் சார்ந்த வன்முறையாளர் வண்டியில் ஏற்றிக் கடத்தினர். எல்லை கடத்திச் சோவியத் நாட்டில் விட்டுவிடுவது அவர்கள் எண்ணம். 400 கிலோமீட்டருக்கு மேல் சென்றபின், யோயென்சூ நகரில் இருவரையும் விடுவித்தனர். அறுபத்தைந்து வயது முதியவருக்கும் அவர்தம் துணைவியாருக்கும் இழைத்த இக்கொடுமை கண்டு நாடே வெகுண்டது. மக்களின் ஆதரவை இழந்த அவ்வியக்கம் 1932 இல் தடைசெய்யப்பட்டது.

1931 இல் அவர் மீண்டும் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு, 149 வாக்குகள் பெற்று, இரண்டே வாக்குகளில் தோற்றார். 1952 ஆம் ஆண்டு செப்டம்பர் 22 ஆம் நாள் காலமானார். அவர் காலத்து அரசியலமைப்புச் சட்டம் 2000 ஆம் ஆண்டு வரை நடைமுறையில் இருந்தது. உச்ச நிருவாக நீதிமன்றம் எல்சிங்கியில் இன்றும் முறையீடுகளைக் கேட்டு வருகிறது.